முன் வலது மூலை

சவர அலகையும் மடித்த வெள்ளை வேட்டியையும் ஒரு தட்டத்தில் வைத்துச் சிற்றம்பலத்தார் நீட்டியபோது, கஜேந்தினி தகப்பனின் கால்மாட்டில் குந்தியிருந்தாள். யோகநாதன் முதல்நாள் பின்னேரம் வயல் வரம்பில் விழுந்து செத்துப்போனவர். இரண்டு மணிக்கு எடுக்கவேண்டும், ஒன்றரை ஆகிவிட்டது. சிற்றம்பலத்தார் உடையார்கட்டு மரண சகாய சங்கத்தின் தலைவர். பந்தல் அவர்களுடையது, கதிரைகள் அவர்களுடையவை, பாடை தூக்கும் தோள்களும் அவர் கண்காட்டினால்தான் வரும்.

"தலையை வழிச்சு, வேட்டியைக் கட்டிக்கொண்டு மகனா வா. கொள்ளி உன்ர உரிமை, ஆரும் மறிக்கேல்லை," என்றார். "சீலையோட வந்தா ஒருத்தரும் தூக்கமாட்டினம். உன்ர சித்தப்பான்ர பெடியன் ஜெயந்தன் குளிச்சிட்டு நிக்கிறான். அவன் வைப்பான்."

கெட்ட மனிதர் என்று சொல்ல வாய் வராது. விழுந்த இடத்துக்கே முதல் ஆளாக ஓடிவந்து, யோகநாதனின் வாயைக் கட்டி, கண்ணை மூடிவிட்டவர் அவர்தான். அதுதான் கொடுமை. கெட்டவன் சொன்னால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறலாம்.

கஜன் என்று ஊர் கூப்பிட்ட பெடியன் வவுனியாவுக்குத் தையல் வேலைக்குப் போய், கஜேந்தினியாகத் திரும்பி வந்து நாலு வருஷம். மூன்று மாதம் தகப்பன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகொருநாள் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து மாமரத்தில் சாத்தினார். "சங்கிலிக்கு மறைப்புப் போட்டிருக்கு. சீலை மாட்டாது," என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு பெண்பிள்ளைக்கு அப்பன் என்ன சொல்லவேண்டும்?

அந்த மனுசன் ஆயுளில் ஒன்றே ஒன்றைத்தான் ஆசையாகக் கேட்டிருந்தார். கடைசிச் சண்டையில் செத்த மூத்தவன் செந்தூரனை மாத்தளனில் பங்கர்க் குழிக்குள்ளேயே மண்தள்ளி மூடிவிட்டு ஓடிவந்த குடும்பம் அது. "அவனுக்கு நெருப்பு வைக்க எனக்குக் குடுத்துவைக்கேல்லை. எனக்காவது பிள்ளை கையால கிடைக்கோணும்," என்று சாராயம் உள்ளே போன நாட்களில் எல்லாம் சொல்லி அழுவார்.

தாய் கமலாசனி தட்டத்தைச் சிற்றம்பலத்தாரிடமிருந்து வாங்கி, மகளின் மடியில் வைத்தாள்.

"கொள்ளி வேற ஆற்றையும் கையால வேண்டாமடா."

நாலு வருஷமாக, பெண்ணைக் கூப்பிடுவதுபோல, பிள்ளை, பிள்ளை என்று கூப்பிட்ட வாய். இன்றைக்கு 'டா' போட்டது.

"அம்மா, என்னைப் பாருங்கோ."

"பாக்கமாட்டன். பாத்தா என்னால கேக்க ஏலாது. ஒரு மணித்தியாலத்துக்கு மகனா இரன். அப்பாவுக்காக."

கஜேந்தினி தட்டத்தோடு எழுந்து குசினிப் பக்கம் போனாள். மாதர் சங்கத் தலைவி சுமித்திரா அங்கே கோப்பைகளில் பால்விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தாள். போன வருஷம் சிவலட்சுமியின் புருஷன் செத்தபோது, மூன்றும் பெட்டைகள், கொள்ளிக்கு ஆளில்லை என்று ஊர் இழுபட்டது. பிணத்தோடு பெண்கள் வாசல் படலையைத் தாண்டிச் சுடலைக்குப் போகக்கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். அன்று சுமித்திராதான் படலைக் கொளுக்கியைக் கழற்றி, "வாங்கோடி, பெத்தவனை எரிக்கப் பெட்டைக்கு உரிமையில்லையோ?" என்று முதல் காலை வெளியே வைத்தவள். ஏழு பெண்கள் சுடலைக்குப் போனார்கள். பாடையின் முன் வலது மூலை, அதுதான் பாரம் கூடிய பக்கம், கஜேந்தினியின் தோளில் இருந்தது. படம் பேப்பரில்கூட வந்தது.

பிறகு கஜேந்தினி போன்றவர்களுக்காகச் சட்டத்தை மாற்றப்போகிறார்கள் என்று கொழும்பில் ஒரு கதை எழும்பியது. எழும்பிய கதை இங்கே, அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கும் தாளாக வந்து வீடு வீடாக ஏறியது. மாதர் சங்கம் ஊர்ப் பெடியளைக் கெடுக்குதாம், இவர்கள் கேட்கிற உரிமை இதுதானாம். சங்கத்துக்குள்ளேயே பாதிப்பேர் அந்தத் தாளில் ஒப்பம் வைத்தார்கள். கஜேந்தினியின் பெயர் அங்கத்தவர் புத்தகத்திலிருந்து "இப்போதைக்கு" எடுக்கப்பட்டது. ஆறு கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி.

"அக்கா, இண்டைக்கும் அந்தப் படலையைத் திறவுங்கோ."

சுமித்திரா கேத்திலைக் கீழே வைத்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. "அண்டைக்குத் திறந்ததையே இன்னும் பூட்டப் பாக்கிறாங்கள் பிள்ளை. உன்னோட வந்து நிண்டா, பாத்தியளோ, இதுக்குத்தான் அதெல்லாம் எண்டுவாங்கள். நாளைக்கு ஆம்பிளைப் பிள்ளையில்லாத ஒருத்தி சாகேக்க அவளின்ர பெட்டையளை ஆர் விடுவாங்கள்? காணிப் பத்திரத்துக்கு அலையிற விதவையள் இருவது பேர் என்னை நம்பி இருக்குதுகள். அதுகளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"நான் ஆர் அக்கா உங்களுக்கு?"

சுமித்திரா கேத்திலைத் திரும்ப எடுத்து மற்றக் கோப்பைகளை நிரப்பத் தொடங்கினாள். பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது.

கஜேந்தினி தட்டத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அலகை ஜெயந்தனிடம் கொடுத்து, தலையைக் குனிந்தாள். பாவம், அவன் பிறத்தியாருக்கு மொட்டை வழித்தவனா என்ன? இரண்டு இடத்தில் கீறிவிட்டான். வவுனியாவில் பட்டினி கிடந்து, அடி வாங்கி, தெருவில் பேச்சு வாங்கி வளர்த்த முடி. முழங்கை நீளம் இருந்தது. கிணற்றுக் கல்லில் அது விழ விழ, அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. நாலு வாளி தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டாள். தட்டத்தில் வேட்டி மடிப்புக் கலையாமல் கிடந்தது.

படலைக்கு வெளியே, ஒழுங்கையில், நீளமான மர வாங்கின்மேல் பாடையை வைத்திருந்தார்கள். ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். வெள்ளைச் சீலையும் இரத்தம் கசியும் மொட்டைத் தலையுமாகக் கஜேந்தினி பெண்களை விலக்கி வெளியே போனாள். பின்னால் யாரோ படலையைச் சாத்திக் கொளுக்கியை மாட்டினார்கள்.

"வேட்டி எங்கை?" என்றார் சிற்றம்பலத்தார்.

"தலையைத் தந்திட்டன் ஐயா. சீலையை அவிழ்க்கமாட்டன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மதில் நிழலுக்குப் போனார். அது போதும். ஒருவருக்கு அப்போதுதான் தொலைபேசி வந்தது. ஒருவர் வெற்றிலை துப்பப் போனார். இன்னொருவருக்குச் செருப்பு அறுந்தது. பறைமேளம் நின்றது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பாடையைச் சுற்றி ஒரு குருவியும் இல்லை. ஜெயந்தன் மட்டும் ஓரமாக நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கஜேந்தினி முன் வலது மூலைக்குப் போனாள். மூங்கிலைப் பிடித்து, மூச்சை அடக்கி, தூக்கித் தோளில் வைத்தாள்.

"ஐயோ பிள்ளை, வையாதை! இனி வையாதை!" என்று கமலாசனி படலைக்குள்ளிருந்து கத்தினாள். தூக்கிய பாடையைத் திரும்ப வைத்தால் அந்த வீட்டில் இன்னொரு சா விழும் என்பது ஊருக்கே தெரிந்த பயம். வைக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. மற்ற மூன்று மூலைகளும் வாங்கிலேயே கிடந்தன. பாடை சரிந்ததில் தகப்பனின் தலை மறுபக்கம் திரும்பிக்கொண்டது, செவ்வந்தி மாலை கொஞ்சம் கொஞ்சமாக வழுகியது. மூங்கிலின் கணு தோளெலும்பில் ஏறியது. காலை அகட்டி ஊன்றினாள்.

"அப்பா, கொஞ்சம் பொறுங்கோ," என்றாள்.

பிறகு கழுத்தை மட்டும் திருப்பிப் படலையைப் பார்த்தாள். பெண்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். முன்வரிசையில் சிவலட்சுமி, வாயில் சீலைத் தலைப்பை அமத்திக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில் சுமித்திரா. சுமித்திராவின் கை படலைக் கொளுக்கியின்மேல் இருந்தது. விரல்கள் அதை இறுகப் பற்றியிருந்தன. கழற்றவா, கழலாமல் பிடிக்கவா என்று கஜேந்தினிக்கு அங்கிருந்து தெரியவில்லை.