ஏழாம் எண் ஜாடியின் தலைவலி

ஏழாம் எண் ஜாடியில் இருந்த மூளை தினமும் காலை எட்டேகால் மணிக்குத் தனக்குத் தலை வலிப்பதாகச் சொல்லும். மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு கூடத்தில் இது முதல் வாரம்தான் பெரிய செய்தி. இரண்டாம் வாரத்திலிருந்து மாணவர்கள் அந்தக் குரலைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். பெண் குரல். "என்னங்க, தலை வலிக்குதுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அந்த "என்னங்க" யார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்கவில்லை.

கூடத்தின் அட்டெண்டர்தான் அவர். மண்டையோட்டை அறுத்து, மூளையை எடுத்து, உறைகளை உரித்து, மாணவர்கள் முன்னால் தட்டில் வைப்பது இருபத்தாறு வருடமாக அவர் வேலை. வெளி உறை தடிப்பு, கித்தான் துணி போல இருக்கும். நடு உறை சிலந்தி வலைதான். அதற்குக் கீழே ஓடும் நீரில்தான் மூளை மிதக்கிறது. உள் உறை ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புகுந்து ஒட்டிக்கிடக்கும். பேச்சு இடது முன்பக்கம், பார்வை பின்பக்கம், நடை தள்ளாடாமல் பார்ப்பது சிறுமூளை, மூச்சுக்கு முகுளம் என்று எல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பேராசிரியை வருடா வருடம் "மூளைக்கு வலி தெரியாது" என்று பாடத்தைத் தொடங்குவார். சரியாக அப்போதுதான் அட்டெண்டர் தட்டுகளைக் கழுவப் போவார். அடுத்த வாக்கியத்தை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஒருநாள் காலை, அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியைக் கீழே போட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, தலை வலிக்குதுங்க." அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "மூளைக்கு வலியே தெரியாதுடி. உனக்கு அது இருக்கான்னு முதல்ல பாரு" என்றார். பாவி மனுஷன்! அவளும் சிரித்துத்தான் வைத்தாள். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்தபோது, நடு உறைக்கு அடியில் ரத்தம் பரவி எல்லாம் முடிந்திருந்தது. "செத்தாலும் உங்க பின்னாடியே வந்துடுவேன்" என்று விளையாட்டாகச் சொல்லி உடல்தானப் படிவத்தில் எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்தாள். சொன்னபடி வந்தும் விட்டாள். வேறு கை படக்கூடாது என்று அவரே எடுத்தார். ஆனால் அவளைப் போர்த்தாமல் விட மனம் வரவில்லை. வழக்கத்துக்கு மாறாக, உறைகளை உரிக்காமலே ஜாடியில் இறக்கினார்.

மூன்று மாதம் கழித்துப் பேராசிரியை அவரைத் தனியே கூப்பிட்டார். "மூளைக்கு வலி தெரியாதுதான். ஆனா மேல இருக்கற உறைக்கு நல்லாவே தெரியும். வருஷா வருஷம் இதைத்தானே சொல்றேன்? அதை எடுத்துடுங்க, வலி நின்னுடும்."

"அவ குரல், மேடம்?"

"அதுவும் நின்னுடும்னுதான் நினைக்கிறேன்."

நாளைக்கு, நாளைக்கு என்று பன்னிரண்டு நாள் தள்ளினார். அந்த ஒரு வரியாவது மிஞ்சட்டும் என்ற பேராசை. பதின்மூன்றாம் நாள் அந்தக் குரல் விம்மியது. "இதோ வந்துட்டேன்டி" என்று ஓடிப்போய் ஜாடியைத் திறந்து, வெளி உறையை உரித்தார்.

"இப்ப பரவாயில்லீங்க. கிளம்புங்க, நேரமாச்சு" என்றது மூளை. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை. அவர் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மாணவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

உரித்த உறையைக் கழுவி மடித்து, அவள் பொத்தான் தைத்த சட்டையின் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் எட்டேகாலுக்கு அவருக்குத் தலை வலித்தது. பிறகு தினமும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், சரியாகக் கால் மணி நேரம். பேராசிரியை நீட்டிய மாத்திரையை அவர் வாங்கவில்லை. "இருக்கட்டும் மேடம். இது அவளோடது." வகுப்பு நேரம் எட்டரை என்று மாற்றப்பட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எட்டரைக்கு அவர் எழுந்து தட்டுகளை அடுக்குவார். பேராசிரியை இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை கதவருகே நின்று கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் கழுவப் போவார்.