பாட்டுப்பெட்டிக்குப் புது வயிறு

அண்ணன் தன் பாட்டுப்பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சம்மதித்ததே பெரிய அதிசயம். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பழைய கருவியை யாராவது தொட்டால் போதும், மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தங்கை ஆறு மாதமாகக் கெஞ்சினாள், கொஞ்சினாள், சண்டையும் போட்டாள். கடைசியில் உள்ளே சுழலும் டிஸ்க்கே ‘டொக் டொக்’ என்று முனகத் தொடங்கிய பிறகுதான் இறங்கி வந்தார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. போனில் தேடினால் அது ஒவ்வொன்றையும் ஊருக்கே கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லும். அது அவருக்கு ஆகாது. இந்தப் பெட்டியில் கட்டைவிரலுக்கென்று ஒரு சக்கரம் உண்டு. சுற்றினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். பாடகர் வரிசையில் ஏழு டிக், உள்ளே போய் மூன்று டிக் என்று நானூற்றுச் சொச்சம் பாட்டும் அத்துப்படி. தான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்கில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் யாரையும் கேட்காமல் தானே போட்டுக் கேட்பார்.

“ஆறு மணிக்கு வந்து வாங்கிப்பேன். ஒரு பாட்டு குறைஞ்சுது, உன்னைச் சும்மா விடமாட்டேன்.”

“குறையாது, கிளம்பு. உன் தங்கச்சியை யாருன்னு நினைச்சே?”

வாய்தான் அப்படிச் சொன்னது. நெஞ்சு திக்திக்கென்றது. முதலில், முனகும் டிஸ்க்கிலிருந்து பாட்டுகளைக் கணினிக்கு இறக்கினாள். கடைசிப் பாட்டு வரும்வரை மூச்சே விடவில்லை. பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் நுழைத்து நெம்பினாள். ‘டப்’ என்று மூடி கழன்றது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் நாடா காகிதம் மாதிரி மெலிசு. அவசரப்பட்டு இழுத்தால் போச்சு. அதன் கொக்கியை நகத்தால் தூக்கி விடுவித்தாள். பழைய டிஸ்க் வெளியே வந்தது. அந்த இடத்தில் விரல்நகம் அளவு மெமரி கார்டு செருகிய சின்ன சர்க்யூட் பலகை உட்கார்ந்தது.

மூடி, கணினியில் செருகி, மென்பொருளைப் புதிதாக ஏற்றினாள். திரை ஒளிர்ந்தது. கொள்ளளவு இருநூற்று முப்பத்தெட்டு ஜிபி!

“ஐயோ, வந்துடுச்சு! வந்துடுச்சு!”

அவள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தையல்கடை அக்கா எட்டிப் பார்த்தாள். “என்னடி, லாட்டரி ஏதாவது அடிச்சுதா?”

“அதுக்கும் மேல, அக்கா!”

அண்ணனின் பாட்டையெல்லாம் திரும்ப ஏற்றினாள். அந்த வயிற்றுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இவ்வளவு இடத்தைப் பார்த்த பிறகு அவள் கை சும்மா இருக்குமா? பல வருடமாகத் தான் சேர்த்து வைத்திருந்த இருபத்தாறாயிரம் பாட்டையும் அள்ளிக் கொட்டினாள். ஏறி முடிய நாலு மணி நேரம் ஆனது. அண்ணன் அசந்துபோவார் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

சொன்னபடி ஆறு மணிக்கு வந்தார். கையில் வாங்கி எடை பார்த்தார். “என்ன இவ்வளவு லேசா இருக்கு?”

“போட்டுப் பாரேன்!”

ஏழு டிக். பொத்தான். மூன்று டிக். பொத்தான். அண்ணனின் முகம் சுருங்கியது.

“இது என் பாட்டு இல்லையே.”

மறுபடி எண்ணினார். பதினெட்டு, இரண்டு. அதுவும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புதிய பாட்டுகள் அகர வரிசையில் இடையிடையே புகுந்து பழையதையெல்லாம் எங்கெங்கோ தள்ளிவிட்டிருந்தன. பதினொரு வருடமாக அவர் விரல் போட்டு வைத்த கணக்கு ஒரே நாளில் காலி. இனி ஒவ்வொரு பாட்டுக்கும் யாரையாவது கேட்க வேண்டும்.

“அண்ணா, மன்னிச்சிடு. புத்தி கெட்டுப்போய் எல்லாத்தையும் கொட்டிட்டேன். குடு, அழிச்சிட்டு பழையபடி வச்சுத் தரேன்.”

பிடுங்கப் போனாள். அவர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் வாயை மூடுறியா? பாட்டு ஓடுது.”

பாட்டு முடிந்தது. இப்போது அவர் எண்ணவில்லை. சக்கரத்தை விர்ரென்று சுற்றினார். விட்ட இடத்தில் அமுக்கினார். கேட்டார். சிரித்தார். மறுபடி சுற்றினார்.

“அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சே கேட்டு அலுத்துப் போச்சுடி. இது என்னன்னே தெரியல!”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “உன் பாட்டைத் தனி லிஸ்ட்டா, அதே வரிசையில போட்டுத் தரட்டுமா?”

“நாளைக்குப் போடு. ஆனா புதுசுல கை வச்சே, கையை முறிச்சிட்டு வைத்தியமும் நானே பார்ப்பேன்.” காலால் தாளம் போட்டுக்கொண்டே காதைக் கூர்மையாக்கினார். “அட, யாருடி இந்தப் பொண்ணு? என்னமா பாடுறா!”

“இரு, பேரைப் பார்த்துச் சொல்றேன்” என்று குனிந்தாள்.

அண்ணன் சட்டென்று உள்ளங்கையால் திரையைப் பொத்திக்கொண்டார். “சொல்லாத! நானே கண்டுபிடிக்கிறேன்.”