நான்காம் ஒலிநாடா, இரண்டாம் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வருவதாக ‘ஒரிஜினல்’ சொல்லியிருந்தார். இரண்டேமுக்காலுக்குள் லிஃப்ட் மெக்கானிக் மூன்று முறை வாசலை எட்டிப் பார்த்துவிட்டான்.

இடம், மோட்டார் காயில் கட்டும் பட்டறையின் பின்னறை. பட்டறைக்காரர் அவனுடைய மச்சான். இறந்துபோன மனைவியின் அண்ணன். செம்புக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் வாடை, வயிற்றைத் திறந்து போட்ட மோட்டார்கள், நடுவில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். வாரம் ஒருமுறை இங்கே கூடி ‘ஆறாம் உலை’ கேட்பார்கள்.

‘ஆறாம் உலை’ என்பது யாரோ இரண்டு பேர். முகம் தெரியாது. பாட்டு கிடையாது, ராகம் கிடையாது. சம்மட்டி, எண்ணெய் டிரம், அறுப்புச் சக்கரம், நீராவி, தகரம், இவைதான் வாத்தியம். பத்து வருடத்தில் ஒன்பது ஒலிநாடாக்கள். முதல் மூன்றும் காதைக் கிழிக்கும். ஐந்தாவதிலிருந்து சத்தம் குறைந்துகொண்டே போகும். ஒன்பதாவதில், அணைத்த உலை ஆறும்போது இரும்பு சுருங்குகிற சின்னச் சின்ன ஓசைகள் மட்டும், நாற்பது நிமிடம். முதல்முறை கேட்டபோது பின்னறையில் ஒருவரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

அப்படிக் கத்தியவர்கள் எப்படி இப்படி அடங்கினார்கள்? அதுதான் அந்த அறையின் ஓயாத வழக்கு. மச்சானிடம் அதற்கு விடை இருந்தது. நான்காம் ஒலிநாடா, இரண்டாம் பக்கம், பத்தொன்பதாவது நிமிடம். உலை இரைச்சலுக்கு அடியில் ஒரு துடிப்பு தொடங்கும். ‘டக்’ என்று ஒரு தட்டு, பிறகு ஒரு முனகல், மறுபடி ‘டக்’. அப்புறம் அமைதி. அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சில நேரம் குட்டை, சில நேரம் நெடுக. “இங்கதான் அவங்க காத்திருக்கக் கத்துக்கிட்டாங்க” என்பார் மச்சான். இதைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் முப்பது பக்கம் எழுதி வைத்திருந்தார். அடுத்த மாதம் அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தது.

மெக்கானிக்குக்கு ஆராய்ச்சி எல்லாம் வராது. மனைவி போய் இரண்டு வருடம். காய்ச்சல் என்று படுத்தவள், ஒன்பதாம் நாள் இல்லை. ‘அழுதுடுப்பா’ என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. சாப்பாடு உள்ளே போனது, வேலை நடந்தது, தூக்கமும் வந்தது. எதுவும் ஒட்டவில்லை. அந்தப் பத்தொன்பதாவது நிமிடம் வரும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ புரண்டு படுக்கும். அவனுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். யாரிடமும் சொன்னதில்லை.

இன்றைக்கு அதற்கு ஆபத்து; ஒரிஜினல் கொண்டுவருவது அசல் நான்காம் நாடா. இந்த ஊரில் இருக்கிற நான்காம் நாடாக்கள் எல்லாம் அவன் நாலு வருடத்துக்கு முன் எடுத்த ஒரு காப்பியிலிருந்து பெருகியவை. அந்தக் காப்பியை அவன் ஒழுங்காக எடுக்கவில்லை. ‘ரெண்டு ரெக்கார்டரையும் வயர் போட்டு இணைச்சுத்தான் எடுத்தேன்’ என்று நாலு வருடமாகச் சாதித்துக்கொண்டிருந்தான்.

“மாப்ளே, ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்றார் மச்சான், டேப் டெக்கின் தலையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே.

“ஒண்ணுமில்ல மச்சான். வெயில்.”

“உள்ள உக்காந்துக்கிட்டு வெயிலாம்” என்றாள் எக்ஸ்ரே அக்கா. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் வேலை. எந்தச் சத்தத்தையும் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து எழுதுவாள். அவள் கணக்குக்கு மச்சானே அடங்குவார்.

ஒரிஜினல் மூன்று மணிக்குச் சரியாக வந்தார். மருந்துக்கடைக்காரர். காப்பி எதையும் கையால் தொடமாட்டார். அதனால் அந்தப் பெயர். வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“ஆறு மாசம் அலைஞ்சேன்” என்றார். “வித்தவன் அழுதான்.”

“நீங்க விலை பேசின அழகுல அழுதிருப்பான்” என்றாள் அக்கா.

நாடாவை மச்சான் இரண்டு கையாலும் வாங்கினார். இரண்டாம் பக்கத்தைப் போட்டார்.

முதல் ஒலி வந்ததுமே நான்கு பேரும் நிமிர்ந்தார்கள். இதுவரை அவர்கள் கேட்டதெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வந்த சத்தம். இது திறந்த உலை. நெருப்பின் இரைச்சலுக்குள் தனித்தனி மணலாக ஒலி கொட்டியது. எங்கோ பின்னால் ஒருவர் மண்வெட்டியை இழுத்துக்கொண்டு போனார். அது சிமெண்ட் தரை என்றுகூடச் சொல்ல முடிந்தது. கதவு ஒன்று திறந்து, காற்று உள்ளே வந்து, உலை மூச்சு வாங்கியது. மச்சான் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டாள். அவளுக்கு அப்படி நேர்ந்து யாரும் பார்த்ததில்லை.

“அந்த மங்கலைப் பத்தி மட்டும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்” என்று முணுமுணுத்தார் மச்சான். “மறைபொருள்னு.”

பத்தொன்பதாவது நிமிடம் வந்தது. உலை இரைந்தது. மண்வெட்டி போய்வந்தது. இருபது. இருபத்திரண்டு.

துடிப்பு இல்லை.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் மச்சான் நாடாவை நிறுத்தினார். முகம் செத்துக் கிடந்தது.

“முப்பது பக்கம்” என்றார். “முப்பது பக்கம் எழுதியிருக்கேன்யா.”

“உங்க காப்பியில ஏதோ கோளாறு” என்றார் ஒரிஜினல், நல்ல மனிதர் போல. “விடுங்க. இதிலேருந்து எல்லாருக்கும் புதுசா எடுத்துக்கலாம். பழசு மேலேயே பதிஞ்சிடலாம், நாடா வீணாகாது.”

“கோளாறுன்னா இவ்வளவு நேரமா தட்டும்?” என்றாள் அக்கா. “மாப்பிள்ளை, வயர் போட்டுத்தானே எடுத்தீங்க?”

அவன் தரையைப் பார்த்தான். ஆம் என்று சொன்னால் பேச்சு அதோடு முடியும்; பழைய நாடாவின் மேல் புதியது ஏறும். பத்தொன்பதாவது நிமிடம் போய்விடும்.

“இல்லக்கா.”

“என்னது?”

“வயர் பொருந்தல. ஒண்ணு ஒலிக்க, இன்னொண்ணு பதிய, ரெண்டு ரெக்கார்டரையும் எதிரெதிரா வச்சு எடுத்தேன்.”

மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டார். “எதிரெதிராவா? கல்யாண வீட்டுல பேச்சைப் பதியற மாதிரியா?”

“ஒரு நாளைக்குத்தான் இரவல் கொடுத்தாங்க மச்சான். அன்னிக்கு எனக்கு டூட்டி.”

“எங்க வச்சு?”

அவன் பதில் சொல்லும் முன் அக்கா பழைய நாடாவைப் போட்டுவிட்டாள். “பேச்சு அப்புறம். இப்பத்தான் உலை எது, வேற எது எதுன்னு நமக்குத் தெரியுமே. உலையைக் கழிச்சுட்டுக் கேளுங்க.”

கேட்டார்கள். போர்வைச் சத்தம். பத்தொன்பது. டக். முனகல். டக்.

காயில் கட்டுகிற மச்சானின் காது நிமிர்ந்தது. “இது மோட்டார்” என்றார் மெதுவாக. “மூணு பேஸ். கியரோட இணைஞ்சது. முன்னாடி வர்ற டக், பிரேக் விடுற சத்தம். பின்னாடி வர்றது பிரேக் பிடிக்கிறது.” அவர் மெல்லத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். “யோவ்! இது லிஃப்ட்டுயா!”

அவனுக்கும் அப்போதுதான் கேட்டது. தினம் எட்டு மணிநேரம் கேட்கிற சத்தம். அதனால்தானோ என்னவோ, இரைச்சலுக்கு அடியில் கிடந்தபோது இத்தனை வருடம் காதில் விழவில்லை. ஒன்பது மாடிக் குடியிருப்பின் உச்சியில் இருந்த மெஷின் அறை. லிஃப்ட் நின்றுவிட்டால் அந்தக் கட்டடத்திலேயே அமைதியான இடம் அதுதான். ரெக்கார்டர்களை அங்கேதான் வைத்தான்.

“மெயினை அணைச்சிருக்க வேண்டியதுதானே?” என்றார் மச்சான்.

“அணைச்சா பிளக்குக்கும் கரண்ட் போயிடும். அதனால லிஃப்ட்டைக் கீழ நிறுத்தி, உள்ள சர்வீஸ் சாவி போட்டேன். அது போட்டா வெளியில யார் பட்டன் அமுக்கினாலும் ஓடாது. உள்ள நிக்கிறவங்க மட்டும்தான் ஓட்ட முடியும்.” அவன் குரல் இறங்கியது. “ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்தினேன். முக்கால் மணிநேரம் நகரக் கூடாது, கேக்கறவங்ககிட்ட சர்வீஸ் நடக்குதுன்னு சொல்லுன்னேன். நான் மொட்டை மாடியில தண்ணித் தொட்டி நிழல்ல உக்காந்தேன். முந்தின நாள் ராத்திரி டூட்டி. அசந்துட்டேன்.”

“யாரை நிறுத்தினீங்க?”

“சாப்பாடு கொண்டுவந்திருந்தா.”

மச்சான் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். அவருடைய தங்கச்சிதான். அப்போது கல்யாணமாகி நாலு மாதம்.

“முதல்லேருந்து போடுங்கக்கா” என்றான் அவன். “துடிப்பு தொடங்குற இடத்துலேருந்து.”

டக். முனகல். டக்.

“ஆறு விநாடி” என்றாள் அக்கா. கடிகாரம் அவள் கைக்கு வந்திருந்தது.

“அந்த லிஃப்ட் ஒரு மாடிக்கு ஆறு விநாடி. கீழேருந்து முதல் மாடி.”

டக். முனகல். டக்.

“மறுபடி ஆறு.”

“இறங்கிட்டா. இறங்கும்போது முனகல் கனமா இருக்கும். உள்ள ஒரே ஆள்னா எதிர்ப்பக்கம் தொங்குற எடைதான் அதிகம். ஏத்தறது சுலபம், இறக்கறதுதான் மோட்டாருக்குக் கஷ்டம். இதுல ஒரே ஆள்தான் இருக்கு.”

“திருட்டுப் பூனை” என்றார் மச்சான். “முதல்ல ஒரு மாடி போய்ப் பாத்திருக்கா. யாரும் திட்டல.”

அடுத்தது முப்பது விநாடி. ஐந்தாம் மாடி. அங்கே கொஞ்சம் நின்றாள். அதன் பிறகு இருபத்து நாலு. ஒன்பதாம் மாடி. பிறகு ஒரு மாடி கீழே, ஒரு மாடி மேலே, மூன்று கீழே. எந்த ஒழுங்கும் இல்லை. பட்டன் பலகையில் எந்த எண் கண்ணில் பட்டதோ அதை அமுக்கியிருக்கிறாள். கண்களை மூடிக்கொண்டு அவன் மாடிகளைச் சொல்லச் சொல்ல, எண்கள் ஒரு விரலாக மாறி அவன் முன்னே நடமாடின. ஏழு. இரண்டு. ஆறு. முனகல் மெலியும்போது அவள் ஏறினாள், கனக்கும்போது இறங்கினாள். நாலு வருடமாக நாலு பேர் வாய்பிளந்து கேட்ட தாளம், முப்பது பக்கம் எழுத வைத்த காத்திருப்பு, வேலையில்லாமல் நின்ற ஒருத்தியின் விளையாட்டு.

“நான் தப்பா எழுதலையே” என்றார் மச்சான் திடீரென்று. கண் சிவந்திருந்தது. “காத்திருக்காங்கன்னுதானே எழுதினேன்? யாருன்னுதான் தப்பு.”

“எனக்கு ஒரு காப்பி வேணும்” என்றார் ஒரிஜினல். மூவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே, “என்ன? இதுக்கு இதுதானே ஒரிஜினல்” என்றார்.

“உஷ்” என்றாள் அக்கா.

முப்பத்தெட்டாவது நிமிடம். லிஃப்ட் ஒன்பதாம் மாடிக்குப் போய் நின்றது. அதன்பின் துடிப்பு இல்லை. உலை மட்டும் இரைந்தது. ஒரு நிமிடம். இரண்டு. நான்கு. அந்த மாடிக்கு நேர் மேலேதான் மெஷின் அறை. அறைக் கதவுக்கு வெளியே தொட்டி நிழலில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு படிக்கட்டு தூரம். ஏறி வந்து பார்த்தாளா, லிஃப்ட்டுக்குள்ளேயே நின்றாளா, தெரியாது. அவள் அங்கே இருந்தாள். அவ்வளவு தெரிந்தது. நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளோடு நின்றார்கள்.

டக்.

கனத்த முனகல் தொடங்கியது. அக்கா உதடு எண்ணியது. முப்பது, நாற்பது, ஐம்பது. ஐம்பத்து நாலில் பிரேக் பிடித்தது.

“ஒரே இறக்கம், கீழ வரைக்கும்” என்றான் அவன். “நேரம் பாத்திருக்கா. நான் முழிச்சு, நாடாவை எடுத்துக்கிட்டு, படியில இறங்கி வந்தேன். வச்ச இடத்துல அப்படியே நிக்கிறா. கதவுல கை. சோத்துப் பாத்திரம் பக்கத்துல. நகரலையேன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“அசையவே இல்லைங்கன்னா. காலு மரத்துப் போச்சுன்னு வேற சொன்னா. பாவமா இருக்கேன்னு நான் உக்காந்து காலைப் பிடிச்சு விட்டேன் மச்சான்.”

மச்சானுக்கு முதலில் சிரிப்பு வெடித்தது. அக்காவையும் அது தொற்றிக்கொண்டது. மெக்கானிக்கும் சிரித்தான். வயிறு குலுங்க, செம்புக் கம்பிச் சுருளின் மேல் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று, எல்லாவற்றையும் அளந்து எழுதுகிற அக்காவும் குறித்துக்கொள்ளவில்லை.