மீதிக் கலிமா

சாவு வீட்டு வழக்கப்படி அலமாரிக் கண்ணாடியின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு ஓரத்தைச் செருகிக்கொண்டிருந்தபோது, தெருக்கதவுக்கு வெளியே ஆண்கள் செருமுவது லிதியாவுக்குக் கேட்டது. ஒருவர் இல்லை, நாலைந்து பேர். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நேரே உள்ளே வந்துவிடுவார்கள். இப்படிச் செருமிக்கொண்டு வாசலில் நிற்கிறவர்களுக்கு வேறு ஏதோ காரியம் இருக்கிறது. அது என்ன காரியம் என்று அவளுக்குத் தெரியும். விடிந்ததிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

"யாருடி அது?" என்றாள் கபிதோலினா.

கபிதோலினா கோயிலில் மெழுகுவர்த்தி விற்கிறவள். லிதியாவோடு நாற்பது வருஷப் பழக்கம். சேதி கேட்ட அரை மணியில், செத்தவன் நெற்றியில் கட்டும் காகிதப் பட்டை, கையில் வைக்கும் சின்ன இயேசு படம், மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். தச்சனுக்கும் அவளே சொல்லி அனுப்பி, சவப்பெட்டி வந்து முற்றத்து ஆப்பிள் மரத்தில் சாய்ந்து நின்றது. மதியம் இரண்டு மணிக்குக் கராகோல் நகரத்திலிருந்து பாதிரியார் வந்துவிடுவார். எல்லாம் அதது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

கட்டிலில் அர்காடி கிடந்தான். அறுபத்தொரு வயது. வெல்டிங் புகையைத் தின்று தின்றே நுரையீரல் போய்விட்டது. லிதியாவின் தம்பி, அவளைவிட ஆறு வயது இளையவன். அவள் தூக்கி வளர்த்தவன். கட்டில் எப்போதும் இருக்கும் இடத்தில் இல்லாமல், அறைக்குக் குறுக்கே கோணலாக, தென்மேற்கு மூலையைப் பார்த்துக் கிடந்தது. கபிதோலினா வந்ததும் அதைத்தான் கேட்டாள்: "இதென்ன கட்டில் இப்படிக் கிடக்கு?" லிதியா காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

அவள் போய்க் கதவைத் திறந்தாள்.

முன்னால் கெரிம்பாய் நின்றார். எண்பது வயது, தலையில் உயரமான கம்பளித் தொப்பி. இந்த ஊரில் முஸ்லிம்களின் மையவாடியில் யாருக்குக் குழி தோண்டுவது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். பக்கத்தில் புதிதாக வந்த இமாம் மாலிக், தாடி இன்னும் சரியாக நிறையாத பிள்ளை. அவர்களுக்குப் பின்னால் சொவேத்பேக், அர்காடியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கண்ணீரா, ராத்திரி குடித்ததா என்று சொல்ல முடியாது.

"துக்கமான நாள், தங்கச்சி," என்றார் கெரிம்பாய். "நல்ல பையன். எங்க வீட்டுக் கதவெல்லாம் அவன் கைபட்டதுதான். வேற மாதிரி இருந்தா இந்நேரம் உள்ள வந்து உக்காந்திருப்போம். ஆனா இந்தச் சொவேத்பேக் ஒரு கதை சொல்றான். அதைத் தெரிஞ்சுக்காம உள்ள காலை வைக்க முடியல."

"கதையில்ல பெரியப்பா!" என்றான் சொவேத்பேக். "நாலு வருஷத்துக்கு முன்னாடி பழைய இமாம் வீட்டுல, என் கண்ணு முன்னால கலிமா சொல்லி முஸ்லிமானான். யூனுஸ்னு பேரு வெச்சாங்க."

"பழைய இமாம் போய்ச் சேர்ந்துட்டாரு. மிச்சம் இருக்கிற சாட்சி நீ. நீ நிதானமா நின்ன நாளை இந்த ஊர்ல எவன்டா பார்த்திருக்கான்?"

"அன்னிக்குக் குடிக்கல. இமாம் வீட்டுக்குக் குடிச்சிட்டா போவேன்? அதுக்கு அப்புறம்தான் குடிச்சேன். சந்தோஷத்துல."

கூட வந்தவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கினான். கெரிம்பாய் திரும்பிப் பார்த்த பார்வையில் அது தொண்டையோடு நின்றது.

"நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் அவர். "இவன் பேச்சைக் கேட்டு மையித்தைத் தூக்கிட்டுப் போனா, ரஷ்யக்காரன் பிணத்தைத் திருடிட்டாங்கன்னு நாளைக்கு ஊர் ரெண்டுபடும். நாலு வருஷமா முஸ்லிம்னா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காவது வந்திருக்கணுமா இல்லையா? ஒரு நாள் பள்ளிவாசல் படி மிதிச்சானா?"

லிதியா கதவைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஏன் வரவில்லை என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? 'நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நீ அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. கோயில்ல நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நிப்பேன்?' என்று கத்தியவள் அவள்தான். 'சரிக்கா' என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து பின்கட்டுப் பட்டறையில், கதவைச் சாத்திக்கொண்டு, வெல்டிங் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் தொழுதான். அவள் ஆக்கிய பன்றிக்கறியைத் தொடாமல் வயிற்றுப்புண் என்றான். வோட்காவுக்கும் அதே வயிற்றுப்புண். கபிதோலினா பாவம், அந்தப் புண்ணுக்கு நாலு வருஷமாக மூலிகைக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள். அவனும் முகம் சுளிக்காமல் குடித்தான்.

ஒரு தரம் கேட்டாள்: "நம்ம கிட்ட இல்லாதது அங்க என்னடா இருக்கு?" "அங்க நின்னா மனசு அடங்குதுக்கா. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல." பதிலா இது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இளம் இமாம் ஒரு அடி முன்னால் வந்தான். "அம்மா, கடைசி நேரத்துல பக்கத்துல நீங்கதான் இருந்தீங்களாமே. அவர் ஏதாவது சொன்னாரா? நீங்க சொல்றதைத்தான் நாங்க எடுத்துக்குவோம்."

ஒரு வார்த்தை. ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அர்காடி அவளுக்கு. அம்மா செத்த வருஷம் ரஷ்ய இடுகாட்டில் அவனே கம்பி வளைத்து, பற்றவைத்து, நீலச் சாயம் அடித்து ஒரு வேலி போட்டான். மூன்று பேருக்கு இடம் விட்டான். 'நடுவுல அம்மா, அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான்' என்று சுத்தியலால் தட்டிக் காட்டினான். அந்த வேலிக்குள் அவனைக் கொண்டுபோய் வைத்துவிடலாம். பெரிய நோன்பு முடிந்து உயிர்ப்புத் திருநாளுக்குச் சாயமிட்ட முட்டையை இடுகாட்டுக்குக் கொண்டுபோகும்போது ஒன்று அவனுக்கும் வைக்கலாம். அதைவிட முக்கியம், மறுமையில் அவனைத் தேடி அலைய வேண்டாம். செத்த பிறகும் அக்காளுக்கு ஒரு வாசல், தம்பிக்கு ஒரு வாசல் என்றால் யாரால் தாங்க முடியும்?

"ஒண்ணும் சொல்லல," என்றாள் லிதியா. "தண்ணி கேட்டான். குடுத்தேன். போயிட்டான்."

கெரிம்பாய் பெருமூச்சு விட்டார். அது நிம்மதி மாதிரியும் இருந்தது. "அப்போ சரி, தங்கச்சி. ரெண்டு மணிக்கு நாங்களும் வந்து நிப்போம், பக்கத்து வீட்டுக்காரங்களா."

அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"போயிட்டானுங்களா? கர்த்தர் காப்பாத்தினாரு," என்றாள் கபிதோலினா. நெற்றிப் பட்டையைக் கட்டி முடித்துவிட்டு, படத்தை நிறுத்துவதற்காக அவன் கைகளை நெஞ்சில் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "லிதியா, இங்க வா. இந்த வலது கையைப் பிடி. ஒரு விரல் மடங்க மாட்டேங்குது. விறைச்சுப் போச்சு போல."

ஆட்காட்டி விரல். மற்றவை மடங்கியிருக்க அது மட்டும் நீண்டிருந்தது. கபிதோலினா உள்ளங்கையால் அதை அழுத்தினாள். விட்டதும் திரும்ப நீண்டது. இன்னும் பலமாக அழுத்தினாள்.

"விடு," என்றாள் லிதியா.

"ரெண்டு நிமிஷம், வளைஞ்சிரும்."

"விடுன்னேன்ல! அவனுக்கு வலிக்கும்!"

அப்போதுதான் தெருவில் அந்த அலறல் எழுந்தது. "ஐயோ என் கூடப்பொறந்தவனே! என் முதுகெலும்பே!" சொவேத்பேக். சொந்த ரத்தம் செத்தால் வீட்டு வாசலில் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றிக் குனிந்து நின்று ஆண்கள் கதறுவார்களே, அப்படிக் கதறினான். "வாயை மூடுடா, அவன் நம்மாள் இல்லன்னு ஆயிடுச்சே" என்று யாரோ அதட்டுவது கேட்டது. அவன் நிறுத்தவில்லை. செத்தவனுக்காக ஆண் என்று ஒருத்தன்கூட அந்த வீட்டு வாசலில் அதுவரை அழுதிருக்கவில்லை.

லிதியா செருப்பில்லாமல் ஓடினாள்.

"பொய்," என்றாள் கதவைத் திறந்து. "நான் சொன்னது பொய்."

சொவேத்பேக்கின் குரல் நின்றுவிட்டது.

"விடியறதுக்கு முன்னால, 'கட்டிலைத் திருப்புக்கா'ன்னான். படுக்கையில விழுந்ததிலேர்ந்து ஏழு மாசமா கேட்டுட்டுத்தான் இருந்தான். நான்தான் கேக்காத மாதிரி இருந்தேன். இன்னிக்குத் திருப்பினேன். தனியாவே இழுத்தேன், தரையெல்லாம் கீறிப் போச்சு, வந்து பாருங்க. அவன் தொழுகிற பக்கம் பார்த்ததும் விரலைத் தூக்கினான். கலிமாவை ஆரம்பிச்சான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாதிதான் வந்துச்சு. மூச்சு நின்னு போச்சு. திரும்ப ஆரம்பிச்சான், திரும்பப் பாதி. மூணாவது தரம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்லுவேன்? பொழுதன்னிக்கும் சுவர் வழியாக் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆயிருந்துச்சு. மீதிப் பாதியை நான் சொன்னேன். அவன் காதுல, நானே சொன்னேன். அவன் உதடு அசைஞ்சுது. அப்புறம்தான் போனான்."

பின்னால் வீட்டு நிலையில் கபிதோலினா நிற்பது, திரும்பிப் பார்க்காமலே லிதியாவுக்குத் தெரிந்தது.

"அப்போ நீயும் சொல்லிட்டியே!" என்றான், சற்று முன் சிரிப்பை அடக்கியவன். "சொன்னவங்க இந்தப் பக்கம் வந்த மாதிரி, தெரியுமில்ல?"

"தம்பிக்கு எடுத்துக் கொடுத்தாங்க," என்றான் இமாம் சட்டென்று. "அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்கும் படைச்சவனுக்கும் தெரியும். அதைக் கேக்க நீங்க யாரு, நான் யாரு?" பிறகு கிழவரைப் பார்த்தான். "தாத்தா, இப்போ?"

கெரிம்பாய் தொப்பியைக் கழற்றி, மொட்டைத் தலையைத் தடவி, திரும்பப் போட்டுக்கொண்டார். "ரஷ்யப் பொம்பளை சாட்சி செல்லுமான்னு கிதாபுல தேடணும்னா உனக்கு ரெண்டு நாள் ஆகும். நான் படிக்காதவன். பொய் சொல்லியிருந்தா தம்பி அவளுக்கு. உண்மையைச் சொல்லி இழக்கறா. இதுக்கு மேல எவன்கிட்டடா சாட்சி கேக்கறது?" அவர் சொவேத்பேக்கின் தோளில் கம்பால் தட்டினார். "போ, போய்த் தண்ணி காய வை. மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி எடுக்கணும்."

அவர்கள் இப்போது செருமாமல் உள்ளே வந்தார்கள்.

கபிதோலினா நிலையை விட்டு நகரவில்லை. "என்ன காரியம்டி பண்ணிட்ட?" குரல் கம்மியிருந்தது. "கையில இருந்த தம்பியைத் தூக்கிக் குடுத்துட்டியே. நாளைக்குப் போன இடத்துல உங்கம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"தெரியல," என்றாள் லிதியா. "எனக்கு ஒண்ணுமே தெரியல, கபிதோலினா."

கபிதோலினா சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே போய் நெற்றிப் பட்டையை அவிழ்த்தாள், படத்தை எடுத்தாள், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள், எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

குளிப்பாட்டும் அறைக்குள் லிதியாவை விடவில்லை. மூடிய கதவுக்கு வெளியே தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் அவனைத் தொட்டியில் உட்கார வைத்துத் தேய்த்தவள் அவள்தான். சோப்பு கண்ணில் பட்டால் ஊரைக் கூட்டுவான். இப்போது அவனை வேறு யாரோ திருப்பினார்கள், வேறு யாரோ துடைத்தார்கள். கபன் துணி சுற்றி வெளியே கொண்டுவந்தபோது முகத்தை மட்டும் ஒரு நிமிஷம் காட்டினார்கள்.

முற்றத்தில் தொழுகைக்கு முன்னால் இமாம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்: "இவர் எப்படிப்பட்ட மனுஷர்?"

"நல்ல மனுஷன்," என்றார்கள் எல்லோரும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் லிதியாவும் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

மையித்தை வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்கியபோது அவள் கெரிம்பாயிடம் வந்தாள். "மையவாடி வரைக்கும் நானும் வரலாமா?"

சொவேத்பேக் தலையைக் குனிந்துகொண்டான்.

"பொம்பளைங்க வர்றதில்ல, தங்கச்சி," என்றார் கிழவர், அவருக்கு வழக்கமில்லாத மெல்லிய குரலில். "எங்க வீட்டுப் பொண்ணுங்களே வாசலோட சரி."

"வாசலோட சரி," என்றாள் லிதியா.

அவர்கள் வேகமாகப் போனார்கள். தோள் மாற்றி, தோள் மாற்றி, ஏரிப் பக்கத்துச் சரிவில் இறங்கி, தொப்பிகள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன. அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. வரவில்லை. அந்த நீல வேலிக்குள் அம்மாவுக்கு ஒரு பக்கம் இனி எப்போதும் வெறும் புல்தான் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

கதவு கிரீச்சிட்டது. கபிதோலினா. பையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"தச்சனைக் கேட்டேன்," என்றாள், ஆப்பிள் மரத்தைக் காட்டி. "செஞ்சதைத் திருப்பி எடுக்க மாட்டானாம். என்ன பண்றது?"

லிதியா சவப்பெட்டியைப் பார்த்தாள். "இருக்கட்டும். அவன் உயரமும் என் உயரமும் ஒண்ணுதான்."

கபிதோலினா கால்மாட்டுப் பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கிப் பின்கட்டுப் பட்டறைக்குள் கொண்டுபோனார்கள். இரும்பு வாசனை அடித்தது. வெல்டிங் மேசைக்கும் சுவருக்கும் நடுவில், பெட்டி அளவுக்குச் சரியாக ஒரே ஒரு இடம் இருந்தது. அங்கே பழைய கம்பளித் துண்டு ஒன்று விரித்தபடி கிடந்தது, முழங்கால் படும் இரண்டு இடங்களில் மட்டும் தேய்ந்து.

கபிதோலினா பெட்டியை இறக்கப் போனாள்.

"அதுமேல வேணாம்," என்றாள் லிதியா. "கொஞ்சம் தள்ளி."

பெட்டி கனத்தது. கபிதோலினா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தைத் திரும்பத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லிதியா காலால் மேசையை நகர்த்தி முடிக்கும் வரை நின்றாள்.