இலைப் படம் போட்ட டப்பா

...மருந்து எதுவும் சாப்பிடலையே டாக்டர் என்று மூன்று தடவை சொன்னாளே, அது பொய்யா என்ன? அம்பிகாவுக்கு இன்றைக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை. மருந்தென்றால் மெடிக்கலில் கத்தரியால் நறுக்கித் தருகிற மாத்திரை, டானிக், ஊசி... மேலே பச்சை இலை போட்ட டப்பாவில் வந்ததை யாராவது மருந்து என்பார்களா? கம்பெனி பஸ் ஆலங்காயத்தைத் தாண்டிவிட்டது. ஜன்னலோரம் அவளுடைய பழைய இடம், ஒன்றரை மாதமாக வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள், இன்று அவள் ஏறியதும் டிரைவர் "இன்னாம்மா, உடம்பு தேவலையா?" என்று கேட்டார், அதுவே மனசுக்கு நிறைவாக இருந்தது. வயிறும் நிறைவாகத்தான் இருந்தது. காலையில் நாலு இட்லி, அப்புறம் இன்னொன்று. பசித்துச் சாப்பிடுவது இத்தனை சுகமா, இதைப் போய் வேண்டாமென்று விரட்டினாளே... நேற்று வந்த ரத்த ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டர் சிரித்தார், அதைக் கேட்டு ஜெயப்பிரகாஷ் ஆஸ்பத்திரி வாசலிலேயே அவளுக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கி உரித்துக் கொடுத்தான், பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவன் பழம் உரித்துக் கொடுத்ததே இல்லை.

எல்லாம் அந்த நர்ஸ் பொண்ணால் வந்தது... இல்லை, அவள் என்ன செய்வாள், கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள், எடை பார்த்து, தள்ளி உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு எட்டட்டும் என்று சத்தமாகப் படித்தாள். எழுபத்தெட்டு! பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், ஷூவின் மேல்பாகம் தைக்கிற செக்‌ஷன் மொத்தமும் அன்று அந்த நம்பரைச் சொல்லியே அவளைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. மறுநாள் செக்கிங்கில் இருக்கிற பூர்ணிமா பக்கத்தில் வந்து, "மூலிகைதான்க்கா, இன்னா ஆவப் போவுது? நானே சாப்பிடுறேன்" என்று டப்பாவை நீட்டினாள். ரெண்டு வாங்கினால் ஒன்று இலவசம். இலவசமாக வந்ததை அம்பிகா பக்கத்து மெஷின் லுப்னாவுக்குக் கொடுத்தாள், லுப்னாவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், பூசினாற்போல் இருக்கிறோமே என்று அவளுக்கும் ஒரு கவலை. ரெண்டு மாதத்தில் ஏழு கிலோ... அந்த ரெண்டு மாதம் பொய்யில்லை, ஜாக்கெட் தளர்ந்தது, படியேறினால் மூச்சு வாங்கவில்லை, கண்ணாடியில் தாடைக்குக் கீழே கழுத்து என்று ஒன்று தெரிந்தது. அப்புறம் உடம்பெல்லாம் அரிப்பு. ஷூவுக்குத் தோல் ஒட்டுகிற பசை வாசனைக்கே குமட்டல். "கண்ணு இன்னா இப்படி மஞ்சளா கீது?" என்று ஜெயப்பிரகாஷ்தான் முதலில் பார்த்தான். வேலூர் ஆஸ்பத்திரியில் நாலாவது தடவையாக டாக்டர் மருந்து ஏதும் சாப்பிட்டீங்களா என்று கேட்டபோது அவன்தான் பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ளே என்ன எவ்வளவு இருக்குன்னு இதுல எங்கேயுமே போடலையேம்மா. இலையும் வேரும்னா மட்டும் ஈரல் தாங்கிடுமா? இன்னும் ஒரு மாசம் போயிருந்தா நான் வேற பேச்சு பேசிட்டு இருப்பேன்."

அப்போதே லுப்னாவுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தாள்தான், எத்தனையோ தடவை... ஒல்லியாக ஆசைப்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? தண்ணி சேரல, மஞ்சக்காமாலை என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டாள், லுப்னாவுக்கும் அதுதான். சின்ன வயசு உடம்பு, தாங்கும், டப்பா எப்போதோ தீர்ந்திருக்கும்... இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லி முப்பத்தைந்து நாள். ஏலகிரி மலை வெயிலில் நீலம் கழன்று பச்சையாகிக்கொண்டிருந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் பஸ் வாணியம்பாடியை நெருங்க நெருங்க அவள் பார்வை மலையை விட்டு பஸ் வாசலுக்கே போனது. அங்கேதான் லுப்னா ஏறுவாள். அவள் கண் வெள்ளையாக இருக்குமா?

ஏறியதும் லுப்னா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள், அம்பிகா அவள் கண்ணையே பார்த்தாள். வெள்ளை. பளிச்சென்று வெள்ளை. "லுப்னா, அந்த டப்பாவைத் தூக்கிப் போடு. எனக்குத் தண்ணியால வரல, அதாலதான் வந்துச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும், வெக்கமா இருந்துச்சு" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். லுப்னா, "நான் ஒரு வாரந்தான் சாப்ட்டேன்க்கா. நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு, நிறுத்திட்டேன்" என்றாள். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?" "நீங்க தெனம் ஜாக்கெட்டைப் புடிச்சுப் புடிச்சுக் காட்டுவீங்க, அவ்ளோ குஷி. எனக்கு மட்டும் ஒத்துக்கலன்னு நெனச்சேன்..." கோபம் வரும் என்று அம்பிகா காத்திருந்தாள், வரவில்லை. இவள் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா, உனக்குச் சேரலை போடி என்றுதானே சொல்லியிருப்பேன்? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள், முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் சொல்லிவிடுவது, பூர்ணிமாவிடம் முதலில், அவளும் சாப்பிடுகிறாளே பாவம், நாளைக்கே அவளை ரத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது.

"ஆனாலும் அக்கா," என்று லுப்னா அவளை மேலும் கீழும் பார்த்தாள், "ஜம்முனு எளச்சிட்டீங்க."

சட்டென்று அம்பிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள், உள்ளே எங்கோ ஜிலுஜிலுவென்று ஒரு சந்தோஷம் ஓடியது... ஓடி முடிந்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது, இந்த வார்த்தைக்கா, இவ்வளவுக்கு அப்புறமுமா, என்று திகைத்தபடி, இழுத்துப் பிடித்த மூச்சை விடலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.