ஏரி வரைபடத்தில் ஒரு திருத்தம்

கதவு மிதந்து போகிறது, இரண்டு லாரி ட்யூப்களின் மேல் கயிறு போட்டுக் கட்டிய கதவு, தனபாக்கியத்தின் குடிசைக் கதவு, அதன்மேல் நனைந்த நைட்டியோடு குந்தியிருக்கிறாள் ஷைலஜா, மார்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு போகிறான் எத்திராஜ், தனபாக்கியத்தின் புருஷன், கெட்டியாப் புடிச்சிக்குங்க மேடம், பயப்படாதீங்க என்கிறான், அந்த வெள்ளத்தில் அடுக்குமாடிக்காரர்கள் முப்பது பேரை அப்படித்தான் கரைசேர்த்தான், அதே ஷைலஜா இன்று அடுக்குமாடிச் சங்கத்து ஹாலில் பட்டுப்புடவையில் மைக் பிடித்து நிற்கிறாள், நீரும் நாமும் என்று கண்காட்சியாம், முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குக் கார் அனுப்பித் தனபாக்கியத்தை வரவழைத்து, அக்கா, ஏரி அம்மனுக்குப் பாடுவீங்களே, நாலு வரி போதும் என்கிறாள், நாலு வரியாம், அம்மனுக்கு அளந்து ஊற்றுகிறார்கள்.

தண்ணீரைச் சேமிப்போம் என்ற பலகைக்கு முன்னால் பாதி குடித்த பாட்டில்களை வைத்துவிட்டு செல்ஃபி எடுக்கிறார்கள், பித்தளைக் குடங்களை அடுக்கி விளக்குப் போட்டிருக்கிறார்கள், ஒன்றிலும் சொட்டு நீர் இல்லை, அதைத் தாண்டினால் ஆளுயர வரைபடம், ஏரி நீலம், நாற்பது குடிசை இருந்த கரை மட்டும் சிவப்பு, பக்கத்தில் ஆக்கிரமிப்பு என்று எழுத்து, இந்த அடுக்குமாடி நிற்கும் இடம், மதகை ஒட்டிய பள்ளம், தனபாக்கியம் முழங்கால் தண்ணீரில் நின்று அயிரை மீன் அரித்த பள்ளம், அது பச்சையாய் இருக்கிறது, இரண்டு மரம்வேறு வரைந்திருக்கிறார்கள்.

வெள்ளம் வடிந்த ஐந்தாம் மாதம் கரைக் குடிசைகளை இடிக்க ஜேசிபி வருகிறது, உங்களாலதான் ஊரே முழுகிச்சு என்கிறார் அதிகாரி, எத்திராஜ் ஓடிப்போய் அடுக்குமாடி கேட்டில் நிற்கிறான், மேடத்த ஒரு வார்த்த சொல்லச் சொல்லுப்பா, மேடம் ஊர்ல இல்ல என்கிறான் வாட்ச்மேன், மேலே பால்கனியில் ஷைலஜா துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள், எத்திராஜ் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான்.

எத்திராஜ் அண்ணன் எப்படியிருக்கார் என்று மைக்கிலேயே கேட்கிறாள் ஷைலஜா.

இல்லம்மா, செத்துட்டாரு, அங்க மோட்டாரு எரிஞ்சி எட்டு மாசம், ஏழாவது மாடிக்குத் தண்ணி தூக்கினு ஏறக்கொள்ள மார அடச்சிகிச்சி, ரெண்டு குடத்தயும் எறக்கி வச்சிட்டுத்தான் சாஞ்சாரு.

எவரோ கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள், நாய் குரைத்து ஓயட்டும் என்று காத்திருப்பதைப் போல் தனபாக்கியம் காத்திருந்தாள், ஓய்ந்ததும் பாடவில்லை, வந்தவர்கள் கருத்தெழுத வைத்த பலகையடியில் கிடந்த தடித்த சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வரைபடத்திடம் போனாள்.

அக்கா, அது ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சது, என்று ஓடிவந்து குறுக்கே நின்றாள் ஷைலஜா.

நல்லாத்தான் வரஞ்சிகிறாரு, நீ இருக்கிற எடத்த மட்டும் உட்டுட்டாரு, நகரு.

ஷைலஜா நகர்ந்தாள், தனபாக்கியம் அவளுடைய பிளாக் நிற்கும் இடத்திலிருந்து சிவப்புத் தீட்ட ஆரம்பித்தாள்.