மார்கரெட்டின் வாகனம்

மரத்தில் செதுக்கிய புனித மார்கரெட்டின் சிலை நான் காவல் நிற்கும் அறையில்தான் இருக்கிறது. இந்த லண்டன் மியூசியத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்றுதான் என்னிடம் கேட்பார்கள். மிச்சப் பேர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களைத் தாங்களே படமெடுப்பார்கள். கும்பிட வந்த ஒரே ஆள் என் மனைவி மயூராதான்.

முந்திய இரண்டு கருவும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது, பிள்ளைப்பேற்றுக்கு அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பெண்கள் இந்த மார்கரெட்டைத்தான் வேண்டினார்களாம் என்று வீட்டில் சும்மா சொல்லிவைத்தேன். வெஸ்ட் ஈலிங் கோயில் அம்மனுக்கு நேர்ந்த கையோடு இங்கேயும் வந்துவிட்டாள். நாங்கள் சைவர்கள்தான். ஆனால் பிள்ளை வேண்டுமென்றால் எந்தச் சாமியும் எங்களுக்குச் சாமிதான்.

மார்கரெட்டின் காலடியில் சிறகும் செதிலுமாக ஒரு டிராகன் கிடக்கும். அம்மனுக்குச் சிங்கம், முருகனுக்கு மயில் என்று பார்த்து வளர்ந்தவளுக்கு அது வாகனமாகத்தானே தெரியும்? எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நந்தியின் காதில் சொல்வதுபோல், குனிந்து அதன் காதில் பிள்ளைக்காக வேண்டினாள்.

எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்தது. மயூராவின் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. டூட்டிங்கில் எங்கள் வீட்டில் மயூரா திரைச்சீலையைத் திறக்க விடாமல் கிடந்தாள். நான் சமைத்ததைச் சாப்பிட்டாள், கேட்டதற்கு ஓம் என்றாள், அவ்வளவுதான்.

நான் வேலைக்குத் திரும்பிய கிழமை, பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி சொன்ன கதை காதில் விழுந்தது. அது வாகனமே இல்லை. மார்கரெட்டை விழுங்கிய மிருகம். அவள் அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு உயிரோடு வெளியே வந்தாளாம். எதனிடம் போய்ப் பிள்ளையை ஒப்படைத்தோம் என்று தெரிந்தால் மயூரா தாங்கமாட்டாள், பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். எப்படியாவது மறைத்துவிட நினைத்தேன்.

ஆனால் ஒருநாள் மத்தியானம் அவள் தானாகவே சிலைக்கு முன்னால் வந்து நின்றாள். தேத்தண்ணி, பசி என்று என்னென்னவோ சாக்குச் சொல்லி வெளியே கூப்பிட்டேன். அசையவில்லை. பாழாய்ப்போன வழிகாட்டியும் அந்நேரம் பார்த்து ஒரு கூட்டத்தோடு வந்து, முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடித்தார். மயூரா ஒரு சொல் விடாமல் கேட்டாள். கூட்டம் மார்கரெட்டின் முகத்தைப் படமெடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனது.

நான் அவளிடம் ஓடினேன். "அது வெறும் கதை, மயூரா. உன்ரை பிழை ஒண்டுமில்லை."

அவள் அழவில்லை. குனிந்து டிராகனின் வயிற்றில் கையை வைத்தாள். தொடக்கூடாது என்று சொல்வதுதான் என் வேலை. என்னால் சொல்ல முடியவில்லை.

"எல்லாரும் வெளியில வந்த அவவைத்தான் கும்பிடினம்," என்றாள். "வயிறு கிழிஞ்சு கிடக்கிறதை ஒருத்தரும் பாக்கினமில்லை."